தாது வருடப் பஞ்சமும் பத்திரிகைச் சட்டமும்: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1878ஆம் ஆண்டு விவாதங்கள்

முன்னுரை

1876-78ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும்பஞ்சம் தமிழர் நினைவில் தாது வருடப் பஞ்சமாக நிலைபெற்றது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. பஞ்சம் தணிந்துவந்த 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. உழவர் துயரும் பத்திரிகை உரிமையும் இலண்டன் காமன்ஸ் சபையில் தனித்தனிப் பொருள்களாகவே எழுப்பப்பட்டன. ஆயினும் வாக்குரிமையற்ற உழவரின் நிலை அச்சபையை எட்டிய வழிகளுள் பத்திரிகை முதன்மையானது. ஆதலின் அவை ஒரே சிக்கலின் இரு கூறுகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பஞ்சமும் செய்தியும்

நிவாரணச் செலவைக் குறைக்கும் நோக்குடன் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பினார். 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்தோர்க்கான கூலியின் தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக டெம்பிள் குறைத்தார். இது உடல் தாங்கும் அளவன்று எனச் சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி இப்பஞ்சத்தின் வரலாற்றை 1878இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அரசின் கோப்புகளுக்கு வெளியே பஞ்சத்தைப் பற்றிய மற்றொரு சான்றுத்தொகுதி இவ்வாறு உருவாயிற்று.

கிளாட்ஸ்டனின் தீர்மானம்

1878 மார்ச் 14ஆம் நாள், ஒரே அமர்வில், பத்திரிகைச் சட்டம் நிறைவேறியது. அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைமுறி கோரவும், அச்சகப் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் அது இடமளித்தது. நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஆங்கில இதழ்கள் இதற்கு உட்படவில்லை. எனவே ஒரே கண்டனம் ஆங்கிலத்தில் வந்தால் கருத்து, மக்கள் மொழியில் வந்தால் குற்றம் என்னும் நிலை தோன்றியது. ‘அமிர்த பஜார் பத்திரிகா’ ஆங்கில இதழாக மாறித் தப்பியது. சென்னை மாகாணத்திற்கு இச்சட்டம் நீட்டிக்கப்படவில்லை. பஞ்சத்தின் கொடுமையை மிகுதியாக நுகர்ந்த மாகாணத்திலேயே இச்சட்டம் தேவைப்படவில்லை என்பது அதன் நியாயத்தையே ஐயத்திற்குள்ளாக்குகிறது.

முன்னாள் பிரதமரும் அப்போதைய எதிர்த்தரப்பினருமான கிளாட்ஸ்டன், ஜூலை 23ஆம் நாள் காமன்ஸ் சபையில் இதனை எழுப்பினார். சட்டத்தின்கீழ் எடுக்கப்படும் நடவடிக்கைகள் இந்திய அமைச்சருக்கு அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும் என்பதே அவரது தீர்மானத்தின் சாரம். சட்டத்தை நீக்குமாறு அது கோரவில்லை, கண்காணிப்பையே கோரியது. அதுவும் தோல்வியுற்றது.

ஃபாசெட்டும் பஞ்ச வரியும்

எதிர்காலப் பஞ்சங்களுக்கு நிதி திரட்டுவதற்காக அதே ஆண்டில் தொழில் உரிம வரி விதிக்கப்பட்டது. சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்பு வரியும் உயர்ந்தது. பஞ்சத்தில் நலிந்த உழவரே அதன் காப்புநிதிக்கும் உப்பின் வழியாகப் பொருள் தந்தனர். ஆண்டிறுதியில் ஆப்கன் போர் தொடங்கியது. அதன் செலவை இந்திய வருவாயின்மீது சுமத்துவதை, ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ எனப் பெயர்பெற்ற ஹென்றி ஃபாசெட் டிசம்பரில் எதிர்த்தார். அவரது முயற்சியும் தோற்றது.

முடிவுரை

இரு முயற்சிகளும் வாக்கெடுப்பில் தோற்றாலும் பயனற்றுப் போகவில்லை. 1880இல் கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதமரானார். ரிப்பன் வைசிராயாக இருந்த காலத்தில், 1882இல், பத்திரிகைச் சட்டம் நீக்கப்பட்டது. ஆப்கன் போர்ச் செலவில் ஒரு பகுதியைப் பிரிட்டன் ஏற்றது. ஆனால் நிலவரியின் சுமை உழவர் தோளினின்றும் இறங்கவில்லை. பத்திரிகைக்கு வாய்த்த விடுதலை உழவருக்கு வாய்க்காமைக்கு, இரண்டையும் பிணைத்துப் பேசும் குரல் அச்சபையில் வலுப்பெறாமையும் ஒரு காரணம் எனலாம். 1878இல் ‘தி இந்து’வும் 1882இல் ‘சுதேசமித்திர’னும் சென்னையில் தோன்றியதை இப்பின்னணியில் வைத்து ஆராய்வது, தமிழ் இதழியல் வரலாற்றிற்கும் வேளாண் வரலாற்றிற்கும் இடையிலான உறவைத் தெளிவுபடுத்தும்.