கடற்கரை – தாம்பரம் பாதையும் இரு மின்னோட்டங்களின் வழக்கும்

வென்றவரைப் போற்றுவதும் தோற்றவரை மறப்பதும் வரலாற்றின் வழக்கம். ஆயினும், சில வழக்குகளில் காலம் தன் தீர்ப்பைத் தானே திருத்தி எழுதுவதுண்டு. நேர்திசை மின்னோட்டத்துக்கும் மாறுதிசை மின்னோட்டத்துக்கும் இடையே நிகழ்ந்த போட்டி அத்தகையது. அதன் சுவடுகள் கோபாலபுரத்துக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தையும் கோடம்பாக்கத்தையும் கடந்து செல்லும் கடற்கரை – தாம்பரம் இருப்புப்பாதையிலும் பதிந்துள்ளன.

ஆற்றுநீரைப் போல ஒரே திசையில் ஓடுவது நேர்திசை மின்னோட்டம். மின்கலத்திலிருந்து கிடைப்பது இதுவே. ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் திசை மாறுவது மாறுதிசை மின்னோட்டம். நம் இல்லங்களுக்கு வருவது, நொடிக்கு ஐம்பது முறை இவ்வாறு சென்று திரும்புகிறது.

1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தொடங்கிய மின்நிலையம் நேர்திசை மின்சாரத்தையே வழங்கியது. அதற்கு ஒரு குறை இருந்தது. கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலைப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தால் அனுப்பலாம். இழப்போ நூறில் ஒன்றாகும். அவ்வாறு உயர்த்தவும் தாழ்த்தவும் எளிய கருவி மின்மாற்றி. ஆனால், அது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மட்டுமே பணியும். இதை உணர்ந்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ், 1888இல் நிகோலா டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பெற்றுக் களத்தில் இறங்கினார்.

போட்டி அறிவுத் தளத்தில் மட்டும் நடந்திருந்தால் நன்று. எடிசன் தரப்பினர் அச்சத்தை ஆயுதமாக்கினர். மாறுதிசை மின்சாரம் உயிர் குடிக்கும் என்று மெய்ப்பிக்க, விலங்குகள் மக்கள் முன்னிலையில் கொல்லப்பட்டன. 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் வில்லியம் கெம்லர் என்ற கைதி, உலகின் முதல் மின்நாற்காலியில் அம்மின்சாரத்தாலேயே உயிரிழந்தார். முதல் அதிர்ச்சியில் அவர் இறக்கவில்லை. இரண்டாம் முறையும் மின்சாரம் செலுத்த வேண்டியிருந்தது. வணிகப் பகைக்கு ஒரு மனித உடல் சாட்சியாக்கப்பட்ட நாள் அது. எனினும், அச்சத்தால் உண்மையை நெடுநாள் தடுத்து நிறுத்த இயலவில்லை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சி மாறுதிசை மின்சாரத்தால் ஒளிர்ந்தது. 1896இல் நயாகரா அருவியின் ஆற்றல் இருபது மைலுக்கு அப்பாலுள்ள பஃபலோ நகரை அடைந்தது.

அமெரிக்காவில் வழக்கு முடியும் தறுவாயில், 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சென்னையில் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதை ஓட்டியது, தோற்றுவந்த நேர்திசை மின்சாரமே. புறப்படும்போது மிகுந்த இழுவிசை தருவதில் நேர்திசை மோட்டாருக்கு நிகரில்லை என்பதே காரணம். டிராம்கள் 1953 வரை ஓடின. 1931இல் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய மின்தொடர் வண்டிகளும் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தையே நம்பியிருந்தன. மறு ஆண்டில், 1932இல், நீலகிரியின் பைக்காராப் புனல்மின் நிலையம் மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தொலைவுக்கு அனுப்பத் தொடங்கியது. ஒரே மாகாணத்தில் இரண்டும் தத்தம் பணியைச் செய்தன.

1967ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தாம்பரம் பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறியது. உயர் அழுத்தத்தில் மின்சாரம் வருவதால் மெல்லிய கம்பியும் குறைந்த துணைமின் நிலையங்களும் போதும். ஆனால், வண்டிக்குள் நிகழ்ந்தது வேறு. மேலிருந்து வந்த மாறுதிசை மின்சாரம் அங்கே மின்மாற்றியால் தாழ்த்தப்பட்டு, நேர்திசையாக்கப்பட்டு, நேர்திசை மோட்டார்களையே சுழற்றியது. கம்பியில் வென்றது ஒன்று. சக்கரத்தைச் சுழற்றியது மற்றொன்று!

குறைகடத்திக் கருவிகள் வளர்ந்தபின் நேர்திசை மின்சாரத்தையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் அனுப்புவது எளிதாயிற்று. மிக நெடுந்தொலைவில் மாறுதிசையைவிட அதில் இழப்பும் குறைவு. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூர் வரை, 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்திசைத் தடம் 6,000 மெகாவாட் கொண்டுவரும் திறனுடையது. தொலைவைக் கடக்க இயலாதது என்று ஒதுக்கப்பட்டதே இன்று தொலைவை வெல்கிறது. வீட்டுக்கூரைச் சூரியத் தகடு தருவதும், கைப்பேசி உண்பதும் அதே மின்சாரம்தான்.

மரபும் புதுமையும் மோதும் கவிதைக் களத்தை அறிந்தோர்க்கு இவ்வரலாறு புதிதன்று. ஒன்றை நிலைநாட்ட மற்றொன்றைக் கொல்ல வேண்டும் என்று கருதியவர்களின் அச்சுறுத்தல்கள் பழங்கதையாயின. கெம்லரின் உயிர் மட்டும் மீளவில்லை. இரு மின்னோட்டங்களோ, பகை மறந்து, ஒன்றின் கையில் மற்றொன்று ஆற்றலை ஒப்படைத்தபடி இயங்குகின்றன.