பொன் கேடயத்தில் செவ்வுருண்டைகள்: மெடிச்சி குலச்சின்னம்

பொன்னிறக் கேடயம். அதன் ஓரத்தை ஒட்டி ஐந்து சிவப்பு உருண்டைகள். உச்சியில் சற்றே பெரிய நீல உருண்டை ஒன்று. அதற்குள் மூன்று பொன் லில்லி மலர்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் குலச்சின்னம் இது. அந்நகரின் தேவாலயங்களிலும் அரண்மனை மூலைகளிலும் கோட்டை வாயில்களிலும் இன்றும் அதைக் காணலாம். புளோரன்ஸ் மக்கள் இந்த உருண்டைகளைப் 'பல்லே' என்று அழைத்தார்கள். சிங்கமும் கழுகும் பொறித்த கேடயங்களை ஐரோப்பியப் பிரபுக்கள் ஏந்தி நின்ற காலத்தில், வெறும் வட்டங்களைச் சின்னமாகக் கொண்ட இந்த வட்டிக்கடைக் குடும்பம் மூன்று போப்பாண்டவர்களையும் பிரான்சுக்கு இரண்டு அரசிகளையும் தந்தது.

உருண்டைகள் எங்கிருந்து வந்தன என்பதற்குக் கதைகள் பல உண்டு. புளோரன்சுக்கு வடக்கே உள்ள முஜெல்லோ பள்ளத்தாக்கு இக்குடும்பத்தின் பூர்விகம். சார்லமேன் பேரரசரின் வீரனான அவெரார்தோ அங்கே ஓர் அரக்கனோடு பொருதினான், அரக்கனின் கதாயுதம் அவன் கேடயத்தில் பதித்த பள்ளங்களே உருண்டைகளாயின என்று குடும்பத்தார் சொல்லிக்கொண்டார்கள். வணிகக் குடும்பத்துக்கு வீர வம்சம் தேடித்தரும் கதை அது. மெடிச்சி என்றால் மருத்துவர்கள் என்று பொருள், ஆகவே அவை மாத்திரைகள் என்பது இன்னொரு கதை. இவற்றைவிட நம்பத் தகுந்த விளக்கம் நாணய மாற்று வணிகர் சங்கத்தில் கிடைக்கிறது. சிவப்புப் பின்னணியில் பொன் நாணயங்கள் இறைந்து கிடப்பது அச்சங்கத்தின் சின்னம். மெடிச்சிகள் அதன் உறுப்பினர்கள். அந்த நிறங்களைத் தலைகீழாக மாற்றினால் மெடிச்சி கேடயம் வந்துவிடுகிறது. இத்தாலிய நகரங்களில் அரசனின் அனுமதி இல்லாமலே வணிகர்களும் குலச்சின்னம் வைத்துக்கொள்ள முடிந்ததால், இப்படி ஒரு சின்னம் பிறப்பதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

தொடக்கத்தில் உருண்டைகளின் எண்ணிக்கை நிலையாக இல்லை. பழைய கேடயங்களில் அவை பத்துக்கும் மேல். சான் லொரென்சோ தேவாலயத்தின் பழைய பூசை அறையில் எட்டு. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆறு என்பது வழக்கமாக நிலைபெற்றது. நீல உருண்டை வந்து சேர்ந்ததும் அக்காலத்தில்தான்.

1465இல் பிரான்சு மன்னர் பதினோராம் லூயி, தம் அரச குலத்தின் பொன் லில்லிகளை ஓர் உருண்டையில் நீலப் பின்னணியோடு பொறித்துக்கொள்ளும் உரிமையைக் குடும்பத் தலைவர் பியெரோ தெ மெடிச்சிக்கு வழங்கினார். பியெரோவின் தந்தை கோசிமோ முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். பியெரோ கீல்வாதத்தால் பெரும்பாலும் படுக்கையில் இருந்தார். புளோரன்ஸ் அப்போது குடியரசு. கோசிமோவுக்கோ பியெரோவுக்கோ அரசப் பட்டம் எதுவும் கிடையாது. வங்கிப் பணம், கடன்பட்டவர்களின் நன்றி, தேர்தல் பைகளில் யார் பெயர் விழும் என்பதைத் தீர்மானிக்கும் செல்வாக்கு ஆகியவையே அவர்களின் அதிகாரம். அந்த நிலையில் பிரான்சு அரச குலத்தின் மலர்கள் குடும்பச் சின்னத்தில் ஏறியது, சட்டம் தராத மதிப்பைக் கல்லில் தந்தது. அடுத்த ஆண்டே பியெரோவைக் கவிழ்க்க எதிரிகள் செய்த சூழ்ச்சி தோற்றதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய இடம் அவ்வளவு உறுதியானதாக இல்லை. மலர்களின் தேவை இருந்தது.

சின்னத்தை எங்கே பொறிக்கலாம் என்பதும் அரசியல்தான். சான் மினியாத்தோ தேவாலயத்தில் ஒரு சிற்றாலயம் கட்டப் பியெரோ முன்வந்தபோது, அத்தேவாலயத்தைப் பராமரித்த கலிமாலா துணி வணிகர் சங்கம் தன் கழுகுச் சின்னம் மட்டுமே அங்கே இருக்கலாம் என்று முதலில் நிபந்தனை விதித்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. கோசிமோ கட்டிய இடங்களில் அப்படித் தடுக்க ஆளில்லை. சான் மார்க்கோ மடம், பியெசோலே மடம், லார்கா தெருவின் மாளிகை என்று எங்கும் உருண்டைகள் ஏறின. துறவிகளின் கழிவறையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று நகரத்தார் முணுமுணுத்ததை அக்கால வரலாற்றாசிரியர் கவல்காந்தி பதிவு செய்திருக்கிறார்.

குலச்சின்னம் குடும்பம் முழுவதற்கும் பொது. அதற்கு அப்பால் ஒவ்வொருவரும் படமும் வாசகமும் சேர்ந்த தனிச் சின்னம் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். மெடிச்சிகளின் கற்பனை சுதந்திரமாக உலவியது இங்கேதான். வைர மோதிரமும், அதற்குள் செருகிய மூன்று இறகுகளும், 'என்றும்' என்ற லத்தீன் சொல்லும் பியெரோவுடையவை. 1449இல் மகன் லொரென்சோ பிறந்ததைக் கொண்டாட வரைந்த வட்ட ஓவியத் தட்டின் பின்புறத்தில் அவற்றைப் பார்க்கலாம். அத்தட்டு இப்போது நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாளிகையின் சிற்றாலயச் சுவரில் பெனோட்சோ கொட்சோலி தீட்டிய ஊர்வலத்தில் குதிரைச் சேணங்கள்மீதும் இதே மோதிரமும் இறகுகளும் வருகின்றன. லொரென்சோவின் மகனான போப் பத்தாம் லியோ, 'இனியது' என்ற வாசகத்தோடு நுகத்தடியைத் தம் சின்னமாக்கினார். நகருக்கு மீண்டும் வந்து அமர்ந்த குடும்பம் ஒன்று தன் நுகம் இனியது என்று சொல்வதில் துணிச்சல் தெரிகிறது.

மெடிச்சி டியூக் அலெசாந்ரோவின் காண்டாமிருகச் சின்னத்துக்கு இந்தியத் தொடர்பு உண்டு. குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515இல் லிஸ்பனில் வந்திறங்கியது. அதை நேரில் பாராமலே, கேள்விப்பட்டதைக் கொண்டு ஜெர்மானிய ஓவியர் டியூரர் புகழ்பெற்ற மரச்செதுக்குப் படத்தை உருவாக்கினார். போர்த்துகல் மன்னர் மானுவேல் அவ்விலங்கைப் போப் பத்தாம் லியோவுக்கே பரிசாக அனுப்பினார். வழியில் கப்பல் மூழ்கி அது இறந்தது. மெடிச்சி போப்பிடம் உயிரோடு வந்து சேராத அந்த விலங்கு, பின்னர் 'வெல்லாமல் திரும்பேன்' என்ற ஸ்பானிய வாசகத்தோடு மெடிச்சி டியூக்கின் சின்னமாயிற்று. அவருக்குப் பின் வந்த டியூக் முதலாம் கோசிமோ (பியெரோவின் தந்தை அல்லர்), முதுகில் பாய்மரம் விரித்த ஆமையை 'நிதானமாக விரை' என்ற வாசகத்தோடு தேர்ந்துகொண்டார். வெக்கியோ அரண்மனையில் அந்த ஆமைகள் பல. கோசிமோவின் மகன் முதலாம் பெர்டினாந்தோவின் தேனீக் கூட்டம், அனுன்சியாத்தா சதுக்கத்தில் உள்ள அவருடைய குதிரைச் சிலையின் பீடத்தில் இருக்கிறது.

உருண்டைகள் கட்சி முழக்கமும் ஆயின. 1478 ஏப்ரல் 26 அன்று புளோரன்ஸ் பேராலயத்தில் பாட்சி குடும்பத்தின் சதிகாரர்கள் லொரென்சோவின் தம்பி ஜூலியானோவைக் குத்திக் கொன்றார்கள். லொரென்சோ காயத்தோடு தப்பினார். யாகோப்போ பாட்சி குதிரையேறி மக்களுக்கும் விடுதலைக்கும் குரல் கொடுத்தபோது, 'பல்லே! பல்லே!' என்ற கூச்சலே பதிலாகக் கிடைத்தது. சதிகாரர்களைத் தூக்கிலிட்ட பிறகு குடியரசு பாட்சிகளின் பெயரையும், முதுகோடு முதுகாக வளைந்த அவர்களின் இரட்டை டால்பின் சின்னத்தையும் நகரெங்கும் அழிக்க உத்தரவிட்டது. அதே தண்டனை மெடிச்சிகளுக்கும் வந்தது. 1494இலும் 1527இலும் குடும்பம் துரத்தப்பட்டபோது உருண்டைகள் சுவர்களிலிருந்து அகற்றப்பட்டன. 1512இலும் 1530இலும் திரும்பி வந்தபோது மீண்டும் ஏறின.

பதவிகள் கூடக்கூடக் கேடயத்துக்கு மேலே அணிகலன்கள் சேர்ந்தன. மெடிச்சி போப்புகளான பத்தாம் லியோவும் ஏழாம் கிளெமென்டும் அதன்மேல் போப்பின் மும்முடியையும் குறுக்கிட்ட சாவிகளையும் வைத்தார்கள். 1559இல் போப்பான நான்காம் பயஸ் மிலானைச் சேர்ந்த வேறொரு மெடிச்சி குடும்பத்தவர். ஆயினும் புளோரன்ஸ் உருண்டைகளையே பயன்படுத்தினார், முதலாம் கோசிமோவும் அதை வரவேற்றார். உறவு இல்லாவிட்டாலும் போப்பாண்டவரின் கேடயத்தில் தம் சின்னம் இருப்பது அவருக்கு ஆதாயம்தான். 1569இல் போப் ஐந்தாம் பயஸ் கோசிமோவைத் தஸ்கனியின் பெருங்கோமகனாக்கியதும், கதிர்கள் நீண்டு நடுவில் புளோரன்சின் செந்நிற லில்லி பூத்த மகுடம் கேடயத்தின்மேல் அமர்ந்தது.

1737இல் கடைசி மெடிச்சி பெருங்கோமகன் ஜான் கஸ்தோனே வாரிசின்றி இறந்தார். தஸ்கனி லொரேன் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஸ்டீபனிடம் சென்றது. புதிய ஆட்சியாளர்கள் உருண்டைகளை விலக்கவில்லை. லொரேன், ஆஸ்திரியச் சின்னங்களோடு மெடிச்சி கேடயத்தையும் தங்கள் சின்னத்தின் நடுக் கேடயத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 1859இல் பெருங்கோமகன் இரண்டாம் லெயோபோல்தோ புளோரன்சை விட்டு வெளியேறியபோதும் அந்தச் சேர்க்கையே தஸ்கனியின் சின்னமாக இருந்தது.