பூவிருந்தவல்லிப் பெருவழியில் பாழ்மனையும் வண்டிப்பேட்டையும்

1. முன்னுரை

சென்னையின் நடுவிடத்திலிருந்து மேற்கு நோக்கிப் பூவிருந்தவல்லி வரை செல்லும் பெருவழி இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. மக்கள் வழக்கிலோ அது பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றே வழங்குகின்றது. அதன் கீழைத் தலையில் விக்டோரியா பொதுமன்றமும், 1913ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ரிப்பன் மாளிகையும் அடுத்தடுத்து நிற்கின்றன. மேலைத் தலையில் திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊராகிய பூவிருந்தவல்லி அமைந்துள்ளது.

இவ்வழியின் கீழைத் தலையில் சென்ற ஐம்பது ஆண்டுகளாக ஒரு வினா எழுந்த வண்ணம் உள்ளது. ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் பழங்கட்டடத்தை மீண்டும் பயன்கொள்ள வேண்டுமாயின், அங்கு வருவோர் தம் ஊர்திகளை எங்கே நிறுத்துவர் என்பதே அவ்வினா. அது மேலைத் தலைக்கும் விரைவில் வந்து சேரும். பொறியியலாரும் வணிகரும் மட்டுமே ஆராய்தற்குரிய பொருள் இது எனப் பலர் கருதுவர். ஆயின் ஊர்ப்பெயர், இலக்கியம், நகராட்சிச் சட்டம் ஆகிய மூன்றும் இதுபற்றித் தரும் சான்றுகள் பல. அவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பாழ்பட்ட பொதியில்

ஊர்ப்பொது மன்றம் பாழாதலைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். அவற்றுள் அகநானூற்று 167ஆம் பாட்டு சிறப்பாக நோக்கத்தக்கது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அப்பாட்டில் வரும் பொதியிலின் செங்கற்சுவரில் யானை முதுகை உரிஞ்சுகின்றது, விட்டம் வீழ்கின்றது, மாடப்புறா அவ்விடத்தை விட்டு அகல்கின்றது, சுவரில் எழுதப்பெற்ற தெய்வமும் நீங்கிவிடுகின்றது.

இப்பாழிற்குப் புலவர் கூறும் காரணமே ஈண்டு நமக்கு வேண்டுவது. கட்டடம் முதுமையுற்றதனால் பாழாகவில்லை. வழிச்செல்லும் வணிகச் சாத்தினைத் தாக்கிக் கொள்ளையிடும் வில்வீரர்க்கு அஞ்சி ஊரார் குடிபெயர்ந்தனர். அதனால் பொதியில் பாழாயிற்று. வழி கெட்டது, பின்னரே மன்றம் கெட்டது.

இப்புலவரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அந்நூலில் உமணரின் உப்புவண்டிகளும், உல்கு பெறும் பெருவழியும், அவ்வழியைக் காக்கும் காவலரும் இடம் பெறுகின்றனர். காக்கப்பெற்ற வழியில் ஊர் தழைத்தலையும், காவலற்ற வழியில் ஊர் பாழாதலையும் ஒரே புலவர் இரு நூல்களிற் காட்டினார். கட்டடத்தின் வாழ்வு அதனை அடையும் வழியைப் பொறுத்தது என்னும் உண்மை இதனாற் பெறப்படும்.

3. சாவடியும் பேட்டையும்

இனி, காஞ்சியை நோக்கிச் செல்லும் இம்மேற்கு வழியின் ஊர்ப்பெயர்களைக் காண்போம். திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியிலிருந்து மலர் கொண்டு காஞ்சி வரதருக்குத் தொண்டு செய்தார் எனக் குருபரம்பரை மரபு கூறும். பூவிருந்தவல்லியை அடையுமுன் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என மூன்று சாவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஊரைக் கடந்து மேற்கே சென்றால் நசரத்பேட்டை வருகின்றது. குறுகிய தொலைவிற்குள் சாவடி என முடியும் பெயர்கள் மூன்று அமைந்திருத்தல் தற்செயலன்று. வழிச்செல்வோரும் வண்டிகளும் நகரினுள் புகுமுன் தங்கிச் செல்லும் இடங்கள் இவை எனக் கோடல் பொருந்தும்.

சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் பொதுவிடம். ஊர்க்காரியம் பேசும் இடமும் ஆகும். அச்சொல் சுங்கச்சாவடி என்னும் தொடரில் இன்றும் வாழ்கின்றது. பேட்டை என்பது நகர்ப்புறத்துச் சந்தையிடத்தையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்பையும் குறிக்கும். வண்டிப்பேட்டை என்பது வண்டிகளை அவிழ்த்துவிட்டு மாடுகளுக்குத் தீனியும் நீரும் காட்டும் இடம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இது தெருப்பெயராக இன்றும் நிலைத்துள்ளது. ‘ஊரும் பேரும்’ எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை காட்டிய நெறியில் இப்பெயர்களைத் தொகுத்து ஆராயின் நல்ல பயன் விளையும்.

பழைய ஊர்த்தெருவின் அமைப்பும் இதனோடு ஒத்துள்ளது. ஒட்டுச்சுவர் கொண்டு நெருங்கி நிற்கும் தெருவீடுகளில் திண்ணை உண்டு; முற்றம் உண்டு; வண்டி நிறுத்தத் தனியிடம் பெரும்பாலும் இல்லை. வழிப்போக்கனுக்குத் திண்ணையை வீட்டார் அளித்தனர். அவன் வண்டிக்குப் பேட்டையை ஊரார் அளித்தனர். கோயிற்றேர்க்கும் தேர்நிலை என ஊரில் ஓரிடமே இருந்தது. விதிவிலக்காகச் செல்வர் மனைகளிலும், ஆங்கிலேயர் காலத்துத் தோட்ட மாளிகைகளிலும் வண்டிக்கொட்டில்களும் குதிரை இலாயங்களும் இருந்தன. அவை அகன்ற தோட்டத்தினுள் தனித்து நின்ற மனைகள், தெருவீடுகள் அல்ல.

இம்மரபைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டி நிலையங்களை அமைத்து அவற்றிற்குக் கட்டணம் பெறும் அதிகாரத்தை நகராட்சிகளுக்கு வழங்கியது. நிறுத்துமிடம் ஊரின் பொறுப்பு. அதற்குரிய கூலியோ நிறுத்துவோன் பொறுப்பு. இவ்விரண்டும் சேர்ந்ததே பழைய முறை.

1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய இருப்புப்பாதை ஆவடி வழியே சென்றது, பூவிருந்தவல்லியைத் தொடவில்லை. எனவே ஆவடியும் அம்பத்தூரும் இருப்புப்பாதையை ஒட்டியும் பின்னர்த் தொழிற்சாலைகளை ஒட்டியும் வளர்ந்தன. பூவிருந்தவல்லி சாலையூராகவே நின்றது. அங்கெல்லாம் புகைவண்டி நிலையத்தருகே தோன்றிய சைக்கிள் ஸ்டாண்டுகள், பெயர் மாறிய வண்டிப்பேட்டைகளே. தொழிலாளி காசு கொடுத்து மிதிவண்டியை அங்கு விட்டுச் சென்றான்.

4. மனைதோறும் நிறுத்துமிடம்

இப்பழமைக்கு மாறான விதி மேனாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கொலம்பசு நகரம் 1923ஆம் ஆண்டு, அடுக்குக் குடியிருப்புக் கட்டுவோர் அம்மனையிலேயே ஊர்தி நிறுத்த இடம் விட வேண்டும் என விதித்தது. பின்னர் அவ்விதி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் கட்டடத்தின் பரப்புக்கும் பயனுக்கும் ஏற்ப மனைக்குள் நிறுத்துமிடம் வேண்டுகின்றன.

புதிய மனைக்கு இவ்விதி பொருந்தும். ஊர்திகள் பெருகும் நகரில் தெருவை அடைக்காமல் காப்பதே அதன் நோக்கம். ஆயின் ஊர்தி தோன்றுமுன் எழுந்த கட்டடத்திற்கு இதனைப் பொருத்தும்போது இடர் விளைகின்றது. பழைய வீட்டினை நூலகமாகவோ அலுவலகமாகவோ உண்டிச்சாலையாகவோ மாற்ற விரும்புவோன், நிறுத்துமிடத்தை எங்கிருந்து பெறுவான்? முற்றத்தை இடித்தால் மனையின் உயிர்நிலை போய்விடும். இடிக்காவிடில் மனை பூட்டியே கிடக்கும். பூட்டிக் கிடக்கும் மனை நாளடைவில் இடியும். இறுதியில், விதியை நிறைவேற்றும் புதிய கட்டடம் அவ்விடத்தில் எழும். பழமையைக் காக்க ஒரு சட்டமும், அதனை அறியாமலே அழிக்க மற்றொரு விதியும் இவ்வாறு ஒருங்கே இயங்கக் காண்கிறோம்.

5. கீழைத் தலையின் படிப்பினை

இதனை விளக்கும் கட்டடங்கள் பல. முதலாவது மூர் மார்க்கெட். 1898ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சந்தை, தமிழ் ஆராய்ச்சியாளர்க்குப் பழம்புத்தகக் களஞ்சியமாக விளங்கியது. கிடைத்தற்கரிய பழம்பதிப்புகளை அங்கு நடைபாதையில் கண்டெடுத்தோர் பலர். 1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இருப்புப்பாதைக் கட்டடங்கள் எழுந்தன. மூர் மார்க்கெட்டின் சிற்றுருவம் ஒன்று அங்குள்ள ஊர்தி நிறுத்துமிடத்தில் வைக்கப்பெற்றுள்ளது. கட்டடம் இருந்த இடத்தை ஊர்தியும், அதன் நினைவை ஒரு பொம்மையும் பெற்றன.

இரண்டாவது விக்டோரியா பொதுமன்றம். மக்கள் பூங்கா நிலத்தில் 1880களில், சிசம் வரைந்த அமைப்பில், நம்பெருமாள் செட்டியார் கட்டிய இம்மன்றம் நாடகத் தமிழின் வரலாற்றில் தலையாய இடம் பெறுவது. 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் இங்குச் சொற்பொழிவாற்றினார். 1891ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் நிறுவிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் பல இம்மேடையில் நடந்தன. சம்பந்தனார் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ இம்மன்றத்தின் வாழ்வை அறிதற்குச் சிறந்த மூலமாகும்.

அந்நாளைய அவையோர் நடந்தும் ஜட்காவிலும் வந்தனர். 1895 முதல் 1953 வரை டிராம் வண்டியும் சென்னையில் ஓடிற்று. மன்றம் நிரம்புதற்கு நிறுத்துமிடம் வேண்டப்படவில்லை. பிற்காலத்தில் அது பல்லாண்டுகள் பயனின்றிக் கிடந்தது. சென்னை மாநகராட்சி 32.62 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அதனைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டது. இதற்கிடையில் 2018ஆம் ஆண்டு மெட்ரோ இரயில் சென்ட்ரல் வரை வந்தது. டிராமினால் வந்த அவையோர்க்கு ஒத்தவர் மெட்ரோவினால் வரும் அவையோர். எனவே இம்மன்றத்தின் முன்றிலை ஊர்திகளுக்கு ஒப்படைத்தல் வேண்டுவதன்று. அருகிலேயே வழி மீண்டும் திறந்துள்ளது.

மூன்றாவது அண்ணா சாலையிலுள்ள பாரத் காப்பீட்டு மாளிகை. 1897ஆம் ஆண்டில் எழுந்த இதனை 2006ஆம் ஆண்டு இடிக்கத் தொடங்கினர். வழக்குத் தொடரப்பெற்றது, 2010ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் இடித்தலைத் தடுத்தது. இடித்தலைத் தடுத்தல் ஒன்று, வாழ்வித்தல் மற்றொன்று. தீர்ப்பின் பின்னும் மாளிகை நெடுங்காலம் வெறுமையாகவே நின்றது. தடையாணை சுவரைக் காக்கும். மாந்தரைக் கொண்டுவராது என்பதற்கு இது சான்று.

6. மறுப்பும் விடையும்

பழங்கட்டடத்திற்கு நிறுத்துமிட விதியிலிருந்து விலக்கு அளித்தால் ஊர்திகள் அனைத்தும் தெருவில் நிற்கும். கடைக்காரர்க்கும் கோயிலுக்கு வருவோர்க்கும் நோயாளரை ஏற்றிவரும் ஊர்திக்கும் இடையூறாகும் என்பர் ஒரு சாரார். இம்மறுப்பு வலிமையுடையது. கடைத்தெருவில் நடந்து செல்லும் முதியோர் எவரும் இதனை மறுக்கார். வெறும் விலக்கு மட்டும் அளித்தல் தெருவையே கட்டணமற்ற பேட்டையாக்கிவிடும்.

விலக்கோடு பொதுப் பேட்டையும் கட்டணமும் உடன்வருதல் வேண்டும் என்பதே இதற்கு விடை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1999ஆம் ஆண்டு, நடுநகரின் பழைய கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவோர் புதிதாக நிறுத்துமிடம் சேர்க்க வேண்டுவதில்லை என விதித்தது. வெறுமையாய்க் கிடந்த மாளிகைகளில் ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் தோன்றின. குடியேறியோருட் பலர் அருகிலுள்ள பொது நிறுத்துமிடங்களைக் கட்டணம் கொடுத்துப் பயன்கொண்டனர். இந்திய அரசின் 2006ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நிறுத்துமிடம் விலைமதிப்புள்ள நிலம். அதற்குரிய கட்டணம் பெறுதல் வேண்டும் என்னும் கருத்தினது. இவை நமக்குப் புதியன அல்ல. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வண்டி நிலையம் வேறு உருவில் திரும்பி வருதலே ஆகும்.

7. முடிவுரை

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ வழித்தடம் வகுக்கப்பெற்றுள்ளது. இருப்புப்பாதை விட்டுச்சென்ற ஊருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கழிந்தபின் இரயில் வருகின்றது. அதனோடு நிலத்தின் விலை உயரும். கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எஞ்சியுள்ள திண்ணை வீடுகள் விலைபோகும். அவற்றை வாங்குவோரிடம் மனைக்குள் நிறுத்துமிடம் காட்டுக என்று மட்டும் கேட்போமாயின், இடித்துக் காட்டுதலே அவர்க்கு எளிய விடையாகும்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். பழங்கட்டடம் பாழாதலுக்கு முதுமையினும் வழி மாறுதலே பெருங்காரணம். ஊர்தி நிறுத்துமிடம் தமிழகத்துத் தெருவூர்களில் ஊர்ப்பொதுவாகவும் கட்டணத்திற்கு உரியதாகவும் இருந்தது, மனைதோறும் வேண்டப்படவில்லை. ஆதலின் பழைய தெருக்களுக்கு மனைவிதியைத் தளர்த்தி, ஊரெல்லையில் மெட்ரோ நிலையத்தை ஒட்டிப் பொதுப் பேட்டை அமைத்தலே மரபிற்கும் பயனுக்கும் ஒத்தது.

அதற்குமுன் செய்யத்தக்க பணி ஒன்று நம் போன்றோர்க்கு உண்டு. பூவிருந்தவல்லித் தெருக்களின் பழமனைகளையும், சாவடி பேட்டைப் பெயர்களையும், அவை பற்றி முதியோர் கூறும் செய்திகளையும் முறையாகப் பதிவு செய்தல் வேண்டும். முதுகலை மாணவர் சிலர் ஓராண்டு முயன்றால் அது கைகூடும். எவ்வீடு எக்காலத்தது, யாருக்குப் பயன்பட்டது என்னும் குறிப்பேதும் இல்லாத மனைக்கு, இடிக்க அனுமதி கேட்கப்படும் நாளில் வாதாடுவார் ஒருவரும் இரார்.