லயக் காம்பராவும் சிலைட் விளக்கும்: மலையக ஒளிப்பட வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பழைய சிலைட் புரொஜெக்டர் பழுதாகிவிடின் அதற்கு ஈடாக எதனை வாங்குவது, எந்த வில்லையைப் பொருத்துவது என்பன வீட்டு வினாக்கள். வரலாற்றுக் கட்டுரையொன்றில் இவற்றுக்கு இடமுண்டோ என ஐயுறுவோர் இருப்பர். ஆயின் அக்கருவி ஒரு நிபந்தனையை விதிக்கின்றது: தனக்கும் சுவருக்குமிடையே வெற்றுவெளி வேண்டும் என்பதே அது. மலையகத்தில் அவ்வெளி யாரிடம் இருந்தது என்று கேட்டவுடனே வினா வீட்டினின்று வெளியேறி வரலாற்றினுட் புகுந்துவிடுகின்றது.

பெருந்தோட்டத் தமிழ்த் தொழிலாளர் கமராவுக்கு முன் நின்ற காலம் நெடியது. விக்டோரியா காலத்து ஒளிப்படக் கலைஞருள் முதன்மையானவரான ஜூலியா மார்கரட் கமரன் 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவினால் நமக்கு அறிமுகமான சார்ள்ஸ் ஹே கமரனே அவருடைய கணவர். களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படம்பிடித்தார். 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவையிலே அடக்கஞ்செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின் எனப் பெயர்கள் நிற்கின்றன. இலங்கைப் படங்களில் உள்ளோர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். இதனைக் கமரன் என்னும் தனியொருவரின் குறையாகக் கொள்ளல் பொருந்தாது. தொழிலாளரை ஆளாகவன்றி உழைப்பாகவே பதிவுசெய்த ஓர் அமைப்பின் இயல்பான விளைவு அது.

ஒளிப்படம் திரையில் விழத்தொடங்கியபோது அதன் திசையும் தெளிவாயிற்று. பிரித்தானியாவில் வழங்கிய மாயவிளக்கின் கண்ணாடிச் சிலைட் மூன்றேகால் அங்குலச் சதுரமானது. மண்டபங்களிற் பேருரையோடு காட்டப்படுவது. 1902இல் இலண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சின் காட்சிக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதன் முன்னணியில் நின்றவர் புவியியலாளர் ஹல்ஃபோர்ட் மக்கிண்டர். அக்குழு முதன்முதல் உருவாக்கிய உரைத்தொடர் எதைப்பற்றியது என்பது மனங்கொளற்பாலது. பேரரசு நாடுகளைப் பற்றியதன்று. ஐக்கிய இராச்சியத்தைப் பற்றியது. இலங்கை, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள், ஹொங்கொங் ஆகியவற்றின் பிள்ளைகளுக்குக் காட்டவென அது ஆக்கப்பட்டது. அதன் பின்னரே ஹியூ ஃபிஷர் என்னும் ஓவியர் 1907 முதல் 1910 வரை பேரரசின் நாடுகளிற் பயணஞ்செய்து, பிரித்தானியப் பிள்ளைகளுக்குக் காட்டுதற்கான படங்களைத் திரட்டினார். அவர் திரட்டியவை இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிப்பதைத் தோட்ட முதலாளிகளின் கடமையாக்கிய சட்டமோ இருபதாம் நூற்றாண்டிலேதான் வந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குக.

1934இல் பசில் றைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’, தேயிலைப் பிரசார சபைக்கென எடுக்கப்பட்ட ஆவணப்படம். அதன் மூன்றாம் பகுதியில் வணிகக் குரல்கள் ஒலிக்கின்றன; கொழுந்து பறிக்கும் பெண்களின் குரல் அவற்றுட் கலக்கவில்லை. அதன் கலைச்சிறப்பை நான் மறுப்பவனல்லன்.

1936இல் 35 மில்லிமீற்றர் கொடாக்குறோம் சுருள் வெளிவந்தபின் வண்ணச் சிலைட் வீட்டுப் பொருளாயிற்று. ஆயினும் எவருடைய வீட்டுப் பொருள்? துரையின் பங்களாவில் நீண்ட கூடமும் வெள்ளைச் சுவரும் இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெளிநாட்டுத் துரைமார் புறப்பட்டபோது அவர்களுடைய குடும்பப் படங்களும் உடன் சென்றிருத்தல் இயல்பே.

தொழிலாளர் கையில் எஞ்சிய படம் வேறுவகையானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. அக்காலத்திற் பல குடும்பங்களுக்குக் கடவுச்சீட்டில் ஒட்டிய சிறு முகப்படமே ஒளிப்படம். அதுவும் நாட்டைவிட்டுச் செல்வதற்காக எடுத்த படம்.

இங்கு ஒரு சொல் வேடிக்கையைச் சுட்டாமற் செல்ல இயலவில்லை. லயத்து அறையைக் குறிக்கும் ‘காம்பரா’ போர்த்துக்கேயர் வழி வந்தது. ‘கமரா’ ஆங்கிலர் வழி வந்தது. இரண்டுக்கும் மூலம் அறை என்னும் பொருள்தரும் ஒரே இலத்தீன் சொல். ஒரு காம்பராவில் வாழ்ந்தோர் மற்றைக் காம்பராவினுள் அகப்பட்டனர்.

இனி அச்சிலைட்டுகளையோ அவற்றின் பிரதிகளையோ அட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்திலேயே காட்ட விழைவோர்க்கு வில்லைத் தெரிவே முதற் சிக்கல். லயக் காம்பரா ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கருவிக்கும் அதனை இயக்குபவருக்கும் இடம்விட்டால் சுவர்வரை எஞ்சுவது மூன்று மீற்றர். சிலைட்டின் அகலமாகிய 36 மில்லிமீற்றரை அத்தூரத்தாற் பெருக்கி, வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் படத்தின் அகலம் கிடைக்கும். மண்டபங்களுக்குரிய 250 மில்லிமீற்றர் வில்லை இவ்வறையில் ஒன்றரை அடிக்கும் குறைந்த படத்தையே தரும். 150 மில்லிமீற்றர் தருவது இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். 85 மில்லிமீற்றர் நான்கடியைத் தாண்டும். 60 மில்லிமீற்றர் ஆறடியை எட்டும். ஆகவே 85 ஏற்றது. படம் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கும் என்பதால் 60ஐ நான் பரிந்துரையேன்.

புதிய கருவியை எதிர்பார்த்தல் வீண்; கொடாக் நிறுவனம் சிலைட் புரொஜெக்டர் உற்பத்தியை 2004இல் நிறுத்திவிட்டது. பழையதை வாங்குவோர் அமெரிக்காவில் விற்பனையான மாதிரிகள் 120 வோல்ற்றுக்கு உரியவை என்பதையும் நம் மின்சாரம் 230 வோல்ற்று என்பதையும் மறத்தலாகாது. வில்லைக் குழலின் விட்டம் கருவிக்குக் கருவி வேறுபடும், அளந்தே வாங்கவேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் இட்ட சிலைட் தட்டையாக நிற்பதால் அதற்குத் தட்டைப்புல வில்லை பொருந்தும். அட்டைச் சட்டத்துச் சிலைட் வெப்பத்தில் வளையும். வளைபுல வில்லை அதற்கு உகந்தது. எனினும் மலையக மூடுபனியில் கண்ணாடிச் சட்டம் ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணத்துக்கு இடமளிக்கும். ஆதலின் அட்டைச் சட்டமும் வளைபுல வில்லையுமே இங்கு தக்கன.

கொடாக்குறோம் இருளில் நெடுங்காலம் நிறம் மாறாது நிற்கும். விளக்கொளியிலோ விரைந்து வெளிறும். லயத்து முதியவர் ஒருவர், படத்தில் கூடை சுமந்து நிற்பவள் எந்த வீட்டுப் பெண் என இனங்காணச் சில நிமிடங்களேனும் அப்படம் சுவரில் நிற்கவேண்டும். ஆதலின் முதலிற் பிரதி எடுத்துக்கொண்டு, அப்பிரதியையே கருவியில் இடுதல் வேண்டும்.