குறுக்கெழுத்தின் கடினத்தைக் கடிகாரம் சொல்லுமா?

இணையப் புதிர்த் தளங்களில் குறுக்கெழுத்தின் அருகே பலவேளை ஓர் எண் இருக்கும்: முடித்தவர்களின் சராசரி நேரம். எண் பெரிதானால் புதிர் கடினம், சிறிதானால் எளிது என்று விடுவிப்போரும் அமைப்போரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பை மறுக்கிறது. தமிழ்ப் புதிர்களுக்கும் அதை அப்படியே பொருத்தினால் கேடு நேரக் கணக்கோடு நிற்காது. எந்தச் சொல் கட்டத்துக்குள் வரலாம் என்பதையும் அந்த எண்ணே தீர்மானிக்கத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு புதிர்களை நூறு நூறு பேர் தொடங்குகிறார்கள் என்று கொள்வோம். முதலாவதை 30 பேர் மட்டும் முடிக்கிறார்கள், சராசரி 20 நிமிடம். இரண்டாவதை 90 பேர் முடிக்கிறார்கள், சராசரி 25 நிமிடம். பட்டியலைப் பார்த்தால் முதலாவதுதான் எளிது. உண்மையில் அது எழுபது பேரைத் திருப்பி அனுப்பிய புதிர். நியூயோர்க் டைம்ஸ் நாளிதழின் புதிர்கள் திங்களன்று எளிதாகத் தொடங்கிச் சனிக்கிழமை உச்சத்துக்குப் போகும். சனிக்கிழமைப் புதிரை முடிப்போரில் தேர்ந்தவர்களே மிகுதி என்றால், அந்த நாளின் சராசரி புதிரின் கடினத்தை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.

முடிக்காதவர்களையும் கணக்கில் சேர்க்கும் வழி மருத்துவப் புள்ளியியலில் நெடுங்காலமாக உண்டு. கப்லன், மயர் இருவரும் 1958இல் வெளியிட்ட முறை, ஆய்வு முடியுமுன் விலகிய நோயாளியைத் தூக்கி எறிவதில்லை. அவர் இருந்த கடைசி நாள் வரை அவரைக் கணக்கில் வைத்திருக்கும். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒட் ஓலென் 1970களில் இதே துறைக்கு வலுவான கணித அடித்தளம் இட்டார். நெல்சன்–ஓலென் மதிப்பீடு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒஸ்லோவுக்கு அருகே லோறென்ஸ்கூக்கில் உள்ள ஆக்கர்ஸ்ஹூஸ் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களின் ஆய்வாளருக்கு இது அன்றாடக் கருவி. புதிருக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன முதற் புதிரில் பாதிப்பேர்கூட முடிக்கவில்லை. ஆகவே பாதிப்பேர் முடிக்க எடுத்த நேரம் என்று ஒன்றை அங்கே சொல்லவே முடியாமல் போகலாம். அப்படியானால் அதுதான் நேர்மையான விடை.

ஆனால் இந்த முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. விலகியதற்கான காரணம் புதிரோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும். லோறென்ஸ்கூக்கில் எல்1 ரயிலேறியவர் ஒஸ்லோ மத்திய நிலையம் வந்ததும் கைபேசியை மூடினால், அந்த விலகல் புதிரைப் பற்றி எதுவும் சொல்லாது. பத்தாவது குறிப்பில் முட்டி மோதிச் சலித்து மூடியவரின் விலகல் எல்லாவற்றையும் சொல்லும். தளம் இருவரையும் ஒரே பெட்டியில் போடுகிறது. கடைசியாக எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைப் பதிவுசெய்தால் இருவரையும் ஓரளவேனும் பிரித்தறியலாம்.

மறுமுனையிலும் கோளாறு உண்டு. இலண்டன் டைம்ஸ் புதிரின் நேரப்பட்டியலில் நம்பமுடியாத வேகத்தில் முடிப்பவர்களுக்கு அங்குள்ளோர் ‘நியூட்ரினோ’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒளியை முந்தியதாக 2011இல் அறிவிக்கப்பட்டு, பின்னர் கருவிப் பிழை என்று தெரிந்த துகளின் பெயர் அது. தாளில் விடுவித்துவிட்டுத் தட்டச்சு மட்டும் செய்தவரும் அந்தப் பட்டியலில் மின்னலாகத் தெரிவார். அங்கே ஆர்வலர் ஒருவர் உருவாக்கிய ‘ஸ்னிச்’ என்ற கருவி இதற்கு நல்ல வழி கண்டது: ஒருவரின் இன்றைய நேரத்தை அவருடைய வழக்கமான நேரத்தோடு ஒப்பிடுவது. டென்மார்க்கின் கியோர்க் ராஷ் 1960இல் தேர்வுகளுக்காக முன்வைத்த மாதிரியின் உள்ளமும் ஏறத்தாழ இதுவே. ஆளின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்து அளக்க வேண்டும்.

தமிழுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டத்துக்கு ஒரு விசை. உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு. கடிகாரம் மூளையோடு விரலையும் சேர்த்து அளக்கிறது. ஒருங்குறியில் ‘கொ’வை இரு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒரே குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வேறுபாடே தெரியாது. இரண்டும் ஒன்று என்று அறியாத மென்பொருள், சரியான விடையைப் பிழை என்று எண்ணிவிடும். பிழை விழுக்காடு ஏறும். பழி புதிரின்மேல் விழும்.

இதைவிடப் பெரியது வழக்கு வேறுபாடு. ‘புளிக்கும் காய் (5)’ என்று ஒரு குறிப்பு வருகிறது என்று வைப்போம். மதுரைக்காரர் எலுமிச்சை என்பார். யாழ்ப்பாண வழக்கில் வளர்ந்தவருக்குத் தேசிக்காய் முதலில் வரும். இரண்டுக்கும் ஐந்தெழுத்து. அமைப்பாளர் எண்ணிய விடை எலுமிச்சை. 1980களில் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவராக வந்த ஈழத்தமிழரும், அங்கே பிறந்து வார இறுதிப் பள்ளியில் தமிழ் கற்ற அவர்கள் பிள்ளைகளும் ‘தேசிக்காய்’ என்று நிரப்பினால், குறுக்கே வரும் சொற்கள் உடையும், நேரம் நீளும். சென்னையில் இருப்போர் எண்ணிக்கையில் மிகுந்தால் எலுமிச்சை ‘எளிய’ விடை என்றும் தேசிக்காய் ‘கடினமான’ விடை என்றும் தரவு தீர்ப்பெழுதும். அடுத்த முறை அமைப்பாளர் தேசிக்காயையே தவிர்ப்பார். திறன் ஒத்த இரு குழுக்களிடம் ஒரே வினா வெவ்வேறாக நடந்துகொள்வதைத் தேர்வியலார் வினாவின் சாய்வாகக் கருதி ஆராய்வார்கள். விடையளித்தவரின் குறையாக எழுதிவிடுவதில்லை.

ஆகவே தமிழ்ப் புதிர்த் தளம் ஒன்று புள்ளிவிவரம் வெளியிடுமானால், சராசரி நேரத்துக்கு முன்பாகத் தொடங்கியவர் தொகையையும் முடித்தவர் தொகையையும் போட வேண்டும். ஒவ்வொருவரின் நேரத்தையும் அவருடைய வழக்கத்துக்கான விகிதமாகக் காட்ட வேண்டும். தவறான விடைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், என்ன எழுதினார்கள் என்பதையும் அமைப்பாளருக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து கட்டங்களிலும் ஒரே ‘தவறு’ திரும்பத் திரும்ப வந்தால், குறிப்பில் ‘தமிழக வழக்கில்’ என்று சேர்ப்பதா, இரு விடைகளையும் ஏற்கும்படி குறுக்குச் சொற்களை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யலாம்.