கெல்லரும் கெல்னரும்
ஜெர்மானிய நகரங்களில் வளைகூரை போட்ட பழைய நிலவறைக்குள் இறங்கிக் குடித்துச் சாப்பிடும் இடத்துக்குக் கெல்லர் என்று பெயர். கைவிடப்பட்ட பாழறையைப் பிற்காலத்தார் ஓட்டலாக்கினார்கள் என்றே பலரும் எண்ணுவர். சொல்லைத் துருவினால் கதை அப்படி இல்லை. பழைய லத்தீனில் கெல்லா என்றால் சிற்றறை. அதிலிருந்து பிறந்த கெல்லாரியும் என்பது உக்கிராணம். அது மண்ணுக்கடியில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லில் எந்தக் குறிப்பும் இல்லை. ரோமானியர் ரைன் கரையில் இருந்த காலத்திலேயே ஜெர்மானியர் இச்சொல்லைக் கடன் வாங்கிவிட்டனர். முதலில் நிற்கும் ககரமே சாட்சி. லத்தீனில் அந்தக் ககரம் பின்னாளில் திரிந்தது. திரிந்த பிறகு வந்துசேர்ந்த உறவுச்சொல், துறவியின் சிற்றறையைக் குறிப்பது, ஜெர்மனில் ட்செல்லெ என்று ஒலிக்கிறது. ஒயினுக்கான வைன் என்ற சொல்லும் பழைய கடனே. சரக்கும் சரக்கறையும் பெயரோடு சேர்ந்தே வந்திருக்கின்றன.

இதைவிட வலுவான சான்று கெல்னர். கிறிஸ்தவ மடங்களில் உக்கிராணக்காரர் பதவி லேசானதல்ல. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடத்து ஒழுங்கில் 31ஆம் அதிகாரம் முழுவதும் அவரைப் பற்றியதே. அப்பதவியின் லத்தீன் பெயர் தேய்ந்து கெல்னர் ஆயிற்று. இன்று அது ஓட்டல் சர்வரைக் குறிக்கிறது. பதவியிறக்கம்தான்! ஆனால் பூட்டிக் காத்தவரின் பெயர் பரிமாறுபவருக்குப் போனது தற்செயல் அல்ல. பிரெமன் நகரில் 1405இல் கட்டத் தொடங்கிய நகர மன்றத்தின் அடியில் இருப்பது ராட்ஸ்கெல்லர், அதாவது மன்றத்தின் கெல்லர். ரைன் ஒயினை விற்கும் உரிமையை மன்றம் தன் கையிலேயே வைத்திருந்தது. பீப்பாய் கிடந்த இடமே கடையும் ஆயிற்று. 1653ஆம் ஆண்டின் ஒயின் இன்றும் அங்கே ஒரு பீப்பாயில் இருக்கிறது. லைப்சிக்கில், மருத்துவப் பேராசிரியர் ஹைன்ரிக் ஷ்ட்ரோமர் 1525இல் தம் நிலவறையில் ஒயின் ஊற்றத் தொடங்கியதிலிருந்து வளர்ந்ததுதான், கெதெ தம் ‘ஃபாவுஸ்ட்’ நாடகத்தில் காட்டிய ஆவர்பாக் கெல்லர்.

குளிர்ச்சிக்காக நிலவறையை நாடினார்கள், சொல்லுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். குளிர்ச்சி காரணம்தான், அது மட்டுமே என்றால் பவேரியாவின் ஃபிராங்கோனியப் பகுதியில் வழங்கும் பேச்சுக்கு விளக்கம் கிடைக்காது. அங்கே பீர் முதிரும் நிலவறைக்கு மேலே மர நிழலில் பெஞ்சு போட்டுக் குடிக்கிறார்கள். அதையும் ‘கெல்லர் மேல் போவது’ என்றே சொல்கிறார்கள். அறைக்குள் ஒருவரும் இறங்குவதில்லை. பெயர் மட்டும் குடிக்கும் இடத்துக்கு ஏறிவிட்டது. மது ஊற்றுவது வேறு, சாப்பாடு போடுவது வேறு என்ற மறுப்பை மட்டும் ஏற்கத்தான் வேண்டும். 1812இல் பவேரிய அரசர் மியூனிக் பீர் தயாரிப்பாளருக்குத் தம் கெல்லரிலேயே பீர் விற்க அனுமதி தந்தபோது, ரொட்டி தவிர வேறு உணவு கூடாது என்றார். ஆகவே அறைக்குப் புதிதாக வந்தது அடுப்புதான், விருந்தாளி அல்ல. அதே மியூனிக்கில் புதிய நகர மன்றம் எழுந்தபோது, அதனடியில் 1874இல் திறந்த ராட்ஸ்கெல்லர் தொடக்கத்திலிருந்தே உணவகம்.