பரங்கியர் குன்று

கிரேக்கத் தீவுகளில் விடுமுறையைக் கழிக்கச் செல்வோருள் பெரும்பாலோர் சந்தோரினியையும் மிக்கோனோசையும் நாடுவர். வெண்சுவர்களையும் நீலக் குவிமாடங்களையும் கடலில் மறையும் கதிரவனையும் படமெடுத்துத் திரும்புவர். அதில் குறையொன்றுமில்லை. ஆயினும் அதே சிக்ளடீஸ் தீவுக்கூட்டத்தின் நடுவே, ஏறத்தாழ 84 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள சீரோஸ் தீவைப் பலர் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்ததோடு கடந்துவிடுகின்றனர். நம்மைப் போன்றோர் இறங்கிப் பார்க்கவேண்டிய துறை அது.

கப்பல் நெருங்கும்போதே இரு குன்றுகள் தென்படும். இடப்புறக் குன்றின் உச்சியில் புனித ஜார்ஜியார் பேராலயம், அது கத்தோலிக்கருடையது. வலப்புறக் குன்றின் மேல் ஆண்டவரின் உயிர்ப்பு ஆலயம். அது ஆர்த்தடாக்ஸ் சபையினருடையது. இரண்டிற்கும் அடியில் எர்மூப்போலி என்னும் துறைமுக நகரம் விரிந்து கிடக்கிறது.

முதலில் இடப்புறக் குன்றில் ஏறுவோம். ஆனோ சீரோஸ், அதாவது மேல் சீரோஸ் என்பது அதன் பெயர். வண்டிகள் நுழைய இயலாத படிக்கட்டுச் சந்துகள். வீடுகளுக்கு அடியிலேயே குனிந்து செல்லும் வழிகள். கடற்கொள்ளையருக்கு அஞ்சிய மக்கள் நெருக்கிக் கட்டிய ஊர் இது. 1204-ஆம் ஆண்டில் சிலுவைப் போர்வீரர் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடிய பின்னர், மார்க்கோ சனூதோ என்னும் வெனிசியப் பிரபு 1207-இல் நாக்சோசைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு சிற்றரசை நிறுவினார். சீரோசும் அதனுள் அடங்கிற்று. ஆண்ட வெனிசியர் காலப்போக்கில் மறைந்தனர். அவர்களோடு வந்த இலத்தீன் வழிபாடோ மக்களிடம் வேரூன்றி நின்றது.

அம்மக்கள் பேசியது கிரேக்கம். உண்டதும் உழைத்ததும் அயல்தீவுக் கிரேக்கரைப் போலவே. எனினும் உரோமையோடு இணைந்திருந்த ஒரே காரணத்தால் 'பிராங்கு' என்று அழைக்கப்பட்டனர். இச்சொல் நமக்குப் புதிதன்று. அரபு, பாரசீக வழியாக நம் கரைக்கு வந்து 'பரங்கி' ஆனது இதுவேதான். மதுரையில் தத்துவ போதகர் 1606 முதல் எந்தச் சொல்லின் நிழலிலிருந்து விலகி நிற்கப் பாடுபட்டாரோ, அதே சொல்லை ஈஜியன் கடலின் உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். தாய்மொழியான கிரேக்கத்தையே இலத்தீன் எழுத்தில் எழுதும் வழக்கமும் அப்பகுதிக் கத்தோலிக்கரிடையே இருந்தது. 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் மறைநூலும் உரோமன் எழுத்தில்தான் வெளிவந்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

துருக்கியர் ஆட்சியில் அப்பெயருக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1617-இல் ஒட்டோமான் கடற்படை தீவைத் தாக்கியது. ஆயர் யோவான்னிஸ் அந்திரேயாஸ் கார்காஸ் தூக்கிலிடப்பட்டார். 1630-களில் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியர் வந்து புனித யோவானின் பெயரால் மடம் அமைத்தனர். (அதே பிரெஞ்சுக் கப்புச்சின் சபையின் எஃப்ரேம் அடிகளார்தான் 1642-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்.) 1744-இல் இயேசு சபையினரும் வந்தனர். இரு மடங்களையும் இன்றும் காணலாம். பிரெஞ்சு மன்னர்களின் பாதுகாப்பு இத்தீவுக்குக் கிட்டியது. பாதுகாப்புக் கூடக்கூட அந்நியர் என்ற பெயரும் இறுகியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1821-இல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது இந்த முடிச்சு முழுவதுமாக வெளிப்பட்டது. சீரோஸ் கத்தோலிக்கர் போரில் சேராது நடுநிலை காத்தனர். இனத்தைக் கைவிட்டவர்கள் என்று அதற்காக அவர்களைப் பழித்தோர் உண்டு. அப்பழியை முற்றிலும் பொய்யென்று தள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. ஆர்த்தடாக்ஸ் நாடொன்று பிறந்தால் தங்கள் கதி என்னவாகும் என்ற அவர்களது அச்சத்தை எளிதாக எண்ணவும் இயலவில்லை. ஆனால் அடுத்து நிகழ்ந்ததைப் பாருங்கள். 1822-இல் கியோஸ் தீவில் படுகொலை நடந்தது. 1824-இல் ப்சாரா தீவு அழிக்கப்பட்டது. உயிர் தப்பிய ஆர்த்தடாக்ஸ் கிரேக்கர் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியது இந்தச் சீரோசின் வெற்றுக் கடற்கரையில்தான். பிரெஞ்சுப் பாதுகாப்பும் பழிக்கப்பட்ட அந்த நடுநிலையுமே அத்தீவைப் புகலிடமாக்கியிருந்தன. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே பூசல்கள் இல்லாமற் போகவில்லை. எனினும் ஊர் எழுந்தது.

வணிகத்திற்குரிய கிரேக்கத் தேவனான எர்மெசின் பெயரை 1826-இல் தாங்கிய அந்நகர், சில பத்தாண்டுகளிலேயே கிரேக்க நாட்டின் முதன்மைத் துறைமுகமாயிற்று. 1861-இல் தொடங்கிய நியோரியோன் கப்பல் பட்டறை, 1864-இன் அப்பொல்லோ நாடக அரங்கு, சில்லர் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த நகர மன்றம் ஆகியவை அக்காலச் செல்வத்துக்குச் சான்றுகள். பிரேயுஸ் துறைமுகம் வளர்ந்தபின் அச்செல்வம் குன்றியது. அன்னை மரியாவின் துயில் ஆலயத்திலுள்ள பழைய திருவோவியம் ஒன்றில் எல் கிரேக்கோவின் கையொப்பம் இருப்பது 1983-இல்தான் கண்டறியப்பட்டது. ப்சாரா அகதிகள் தங்களோடு சுமந்து வந்த ஓவியம் அது என்று கருதப்படுகிறது. வீட்டையும் நிலத்தையும் இழந்து ஓடியவர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் என்பதை எண்ணியபடி அதன்முன் சற்று நிற்கலாம்.

செல்ல உகந்த காலம் உயிர்ப்புப் பெருவிழாவே. கத்தோலிக்க உலகமும் ஆர்த்தடாக்ஸ் உலகமும் பல ஆண்டுகளில் வெவ்வேறு நாள்களில் கொண்டாடும் அப்பெருவிழாவைச் சீரோசில் இரு சபையாரும் ஆர்த்தடாக்ஸ் கணக்கின்படி ஒரே நாளில் கொண்டாடுகின்றனர். புனித வெள்ளி இரவில் கீழ்நகரின் ஆர்த்தடாக்ஸ் பங்குகள் ஆண்டவரின் அடக்கச் சப்பரங்களை மலர்சூட்டி மியாவுலி சதுக்கத்தில் கொணர்ந்து சேர்க்கின்றன. மேலே ஆனோ சீரோசின் சந்துகளில் கத்தோலிக்கரின் பவனி நடைபெறுகிறது.

அக்குன்றில் 1905-இல் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் மார்க்கோஸ் வம்வக்காரிஸ். இளமையிலேயே பிரேயுசுக்குச் சென்று துறைமுகக் கூலியாய் உழைத்தவர். பின்னர் ரெபேத்திக்கோ என்னும் பாமர இசையின் தந்தையெனப் போற்றப்பட்டவர். 1935-இல் அவர் தம் தீவுப் பெண்ணொருத்தியைப் பற்றிப் பாடலொன்றை இசைத்தட்டில் பாடினார். அதற்கு அவர் இட்ட தலைப்பு 'பிராங்கோசிரியானி', சீரோசின் பரங்கிப் பெண். ஒரு காலத்தில் வசைச்சொல்லாய் ஒலித்த அப்பெயரைக் கிரேக்கர் எல்லாரும் இன்று திருமண விருந்துகளில் மகிழ்ந்து பாடுகின்றனர்.